கேட்க எளிதாக இருப்பது குற்றமா? மாடஸ்ட் மவுஸின் ‘குட் நியூஸ்’ ஆல்பம்

மாடஸ்ட் மவுஸ் என்ற அமெரிக்க இண்டி ராக் (பெரிய நிறுவனங்களைச் சாராமல் வளர்ந்த ராக் வகை) குழு 2004 ஏப்ரலில் வெளியிட்ட ‘குட் நியூஸ் ஃபார் பீப்பிள் ஹூ லவ் பேட் நியூஸ்’ ஆல்பத்தைப் பற்றி எழுதிய விமர்சகர்களில் பெரும்பாலோர் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். அந்தக் குழு அதுவரை செய்த எதையும்விட இது காதுக்கு இணக்கமானது என்பதே அது. அந்த இணக்கம் லாபமா நட்டமா என்பதில்தான் அவர்கள் பிரிந்தார்கள். வெளியாகி இருபது ஆண்டுகள் கடந்த பின்னும் அந்த வழக்குக்குத் தீர்ப்பு எழுதப்படவில்லை. கோவையில் ராக் இசை கேட்கும் சிறு வட்டத்திலும் இந்த ஆல்பத்தின் பெயரைச் சொன்னால் ஒருவர் முகம் மலர்வார், பக்கத்தில் இருப்பவர் “அதுக்கு முந்தைய ரெண்டையும் கேட்டிருக்கீங்களா?” என்று ஆரம்பித்துவிடுவார்.

அந்த முந்தைய இரண்டைப் பற்றிச் சொல்லாமல் இதை மதிப்பிட முடியாது. சியாட்டில் நகருக்குக் கிழக்கே உள்ள இசக்வா என்ற ஊரில், 1990களின் தொடக்கத்தில், பாடகரும் கிட்டார் கலைஞருமான ஐசக் புரோக், பாஸ் வாசித்த எரிக் ஜூடி, டிரம்ஸ் வாசித்த ஜெரமையா கிரீன் ஆகியோரைக் கொண்டு உருவான குழு இது. 1997இல் வந்த ‘த லோன்சம் கிரவுடட் வெஸ்ட்’ ஆல்பத்தில் புரோக் தன் நிலப்பகுதியை மால்களும் வாகன நிறுத்தங்களும் விழுங்குவதைப் பார்த்துக் கத்துகிறார், முனகுகிறார், நடுவில் கிட்டாரைப் பல நிமிடங்கள் போக்கில் விடுகிறார். தென்னந்தோப்பு சைட்டாகி, சைட் கல்யாண மண்டபமாவதைப் பொள்ளாச்சிச் சாலையிலும் அவிநாசிச் சாலையிலும் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தக் கோபம் அந்நியமானதல்ல. அடுத்து, எபிக் என்ற பெரிய நிறுவனத்தின் வழியாக 2000இல் வந்த ‘த மூன் அண்ட் அண்டார்டிகா’ இன்னும் இருண்டது. பிட்ச்ஃபோர்க் என்ற இசை விமர்சன இதழ் அதற்குப் பத்துக்கு 9.8 மதிப்பெண் கொடுத்தது. அவ்வளவு உயரத்தில் ஏற்றி வைக்கப்பட்ட குழு அடுத்த அடியை எங்கே வைத்தாலும் யாரோ ஒருவருக்கு அது இறக்கமாகத்தான் தெரியும்.

புதிய ஆல்பத்துக்கான பதிவுக்கு முன்பே கிரீன் குழுவிலிருந்து விலகிவிட, அவர் இடத்தில் பெஞ்சமின் வெய்கெல் வாசித்தார். டென்னிஸ் ஹெரிங் என்ற தயாரிப்பாளரோடு குழு மிசிசிப்பி மாநிலத்தின் ஆக்ஸ்ஃபோர்டு நகருக்குப் போய்ப் பதிவு செய்தது. நியூ ஆர்லியன்ஸின் டர்ட்டி டஜன் பிராஸ் பேண்ட் குழுவினரின் பித்தளை வாத்தியங்கள் ஆல்பத்தின் முதல் சில நொடிகளிலேயே ஊதிக்கொண்டு நுழைகின்றன. உலகம் இவ்வளவு மோசமாகப் போய்க்கொண்டிருக்கும்போது நம்பிக்கையோடு ஏதாவது செய்ய வேண்டும் என்று விரும்பியதாகப் புரோக் பின்னர் சொன்னார். அந்த விருப்பம் எங்கே நிறைவேறியது என்பதைச் சொல்ல இரண்டு பாடல்கள் போதும்.

‘த வேர்ல்ட் அட் லார்ஜ்’ ஊர்விட்டு ஊர் அலைபவனின் சலிப்பைச் சொல்லும் மெதுவான பாடல். அதன் அடியில் சொல்லில்லாமல் முணுமுணுக்கப்படும் ஒரு மெட்டு ஓடிக்கொண்டே இருக்கும். அந்தப் பாடல் அடங்கிய இடத்திலேயே ‘ஃப்ளோட் ஆன்’ தொடங்குகிறது. இப்போது தாளம் நிமிர்ந்து நிற்கிறது, மேல் ஸ்தாயியில் கிட்டார் துணுக்கு ஒன்று விட்டுவிட்டுத் தெறிக்கிறது. சோர்வாக வந்த அதே மெட்டின் சாயல் நடக்கத் தொடங்கிவிட்டதைக் காது உணர்கிறது. பாடலில் வருபவன் தன் காரைப் பின்னால் எடுக்கும்போது போலீஸ் காரில் மோதிவிடுகிறான். போலீஸ்காரர் ஒன்றும் சொல்லாமல் போய்விடுகிறார். இன்னொருவன் அவன் பணத்தை ஏமாற்றிப் பிடுங்குகிறான். அதுவும் ஒரு பாடமாகப் போகட்டும் என்று நகர்கிறான். முடிவில் தனிக்குரல் மறைந்து பலர் சேர்ந்து கத்தும் பல்லவியாகிறது. இந்தப் பாடலைத் தனியாகக் கேட்பவருக்கு இது உற்சாகப் பாட்டு. முந்தையதோடு சேர்த்துக் கேட்பவருக்கு, வேறு வழியில்லாதவன் வரவழைத்துக்கொண்ட உற்சாகம் இது என்று தெரியும். அமெரிக்க வானொலிகளில் அதிகம் ஒலிக்கும் ராக் பாடல்களை வரிசைப்படுத்தும் மாடர்ன் ராக் பட்டியலில் முதலிடம் பிடித்ததும் பின்னர் சிறுவர்கள் பாடும் தொகுப்பில் கூட இடம்பெற்றதும் இந்தப் பாடல்தான். கண்டனம் அங்கிருந்துதான் சூடுபிடித்தது.

கண்டனங்களில் ஒரு வகை இசையைப் பற்றியதே அல்ல. குழுவின் பழைய பாடல் ஒன்று ஏற்கெனவே மினிவேன் விளம்பரத்துக்குக் கொடுக்கப்பட்டிருந்தது; விலைபோய்விட்டார்கள் என்று முடிவு கட்டியவர்களுக்கு வானொலி வெற்றி கூடுதல் சாட்சியானது. இதற்கு நேரம் செலவிடத் தேவையில்லை. இன்னொரு வகை கவனிக்கத்தக்கது. பாடல்கள் சுருங்கிவிட்டன, கிட்டார் அலைவதற்கு இடமில்லை, ஒலிப்பதிவு வழுவழுப்பாகிவிட்டது என்றார்கள். அதில் டிரம்ஸ் பற்றிய வருத்தத்தை நான் முழுமையாக ஏற்கிறேன். கிரீன் தாளத்தைப் பிடித்து நிறுத்துபவர் அல்லர். பாடலின் உள்ளே ஓடி, சரிந்து, மீண்டும் எழுந்து வாசிப்பவர். வெய்கெலின் வாசிப்பு நேரானது, பிழையில்லாதது. ‘ஃப்ளோட் ஆன்’ பாடலுக்கு அந்த நேரான வாசிப்புதான் வேண்டும். ஆனால் ‘பரி மீ வித் இட்’ போன்ற ஆவேசமான பாடலில், தாளம் கட்டுமீறிப் போகவேண்டிய இடத்தில் அது கட்டுக்குள்ளேயே நிற்கிறது.

கொங்கு நாட்டுக்காரருக்கு இந்த விவாதம் புதிதல்ல. ஆண்கள் மட்டுமே ஆடிவந்த வள்ளி ஒயில் கும்மியைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்த கோவை மாவட்டத்துக் கலைஞர் பத்ரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. இன்று ஒரே நிறச் சேலையில் நூற்றுக்கணக்கானோர் ஆடும் கும்மியைப் பார்த்து, “அந்தக் காலத்து ஆட்டம் இதுங்களா?” என்று கேட்கும் பெரியவர்களும் இங்கே இருக்கிறார்கள். அவர்கள் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை, ஆனால் கூட்டம் சேர்ந்ததையே குறைக்குச் சான்றாகக் காட்டும்போது அது நியாயத்தை இழக்கிறது. மாடஸ்ட் மவுஸ் மீது வைக்கப்பட்ட குற்றச்சாட்டிலும் இந்த இரண்டும் கலந்தே இருந்தன.

ஆல்பத்தின் உள்ளே போனால் மெட்டுதான் இளகியிருக்கிறது, பொருள் இளகவில்லை என்பது தெரியும். பதினாறு தடங்களில் குழி வெட்டுவதும் புதைப்பதும் சவப்பெட்டியும் தலைப்பிலேயே வருகின்றன. இரண்டாவதாகப் புகழ்பெற்ற ‘ஓஷன் ப்ரீத்ஸ் சால்ட்டி’ எவ்வளவு இனிமையாக ஒலித்தாலும், இந்த வாழ்வையே வீணடித்தவன் மறுமையை மட்டும் எப்படிக் காப்பாற்றுவான் என்று செத்துக்கொண்டிருப்பவனிடம் கேட்கிறது. ‘புக்கோவ்ஸ்கி’யில் பாஞ்சோ என்ற நரம்பு வாத்தியம் அதிர, கடவுள் என்ற மேலாளரின் குணத்தைப் பற்றிப் புரோக் புகார் வாசிக்கிறார். சாவைப் பற்றி இவ்வளவு பேசும் ஒரு தொகுப்பு அமெரிக்காவில் பத்து லட்சத்துக்கு மேல் விற்றதற்கான பிளாட்டினம் தகுதியைப் பெற்றதென்றால், ஜனங்களுக்கு ஏற்றபடி குழு வளைந்துவிட்டது என்ற வாதம் பாதி மட்டுமே உண்மை.

குறைகளை மறைக்க வேண்டியதில்லை. ‘டான்ஸ் ஹால்’ ஒரே வரியை அடித்து அடித்துச் சோர்வூட்டுகிறது. ‘திஸ் டெவில்ஸ் வர்க்டே’ அமெரிக்கப் பாடகர் டாம் வெய்ட்ஸ் பாணிக் கரகரப்பை எடுத்து உடுத்திக்கொண்டதுபோல இருக்கிறது. பித்தளை வாத்தியக்காரர்கள் அவ்வளவு தூரம் வந்தது இதற்காகத்தானா என்று கேட்கத் தோன்றுகிறது. இரண்டு மூன்று தடங்களை நீக்கியிருந்தால் நடுப்பகுதி இறுகியிருக்கும். ஒலிக்கலவையும் பல இடங்களில் ஒரே உயரத்தில் நிற்கிறது. இதைச் சோதிக்க என் வீட்டைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. சோமனூரில் விசைத்தறிக் கொட்டகைக்கு ஒட்டிய சுவர் எங்களுடையது. தறி ஓடும் நேரத்தில் ஹெட்போனில் ‘த மூன் அண்ட் அண்டார்டிகா’ போட்டால் பாதிப் பாடல் தறிச் சத்தத்தில் கரைந்துபோகும். ‘ஃப்ளோட் ஆன்’ கிட்டாரோ தறியில் நாடா ஓடும் சத்தத்தையும் வெட்டிக்கொண்டு வருகிறது. தறிக்காரர் ஒருவர் ஒருமுறை ஹெட்போனை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, “ஏனுங்க தம்பி, நீங்க கேக்கறதுலயே இதொண்ணுதான் பாட்டு மாதிரி இருக்குதுங்க” என்றார். எந்த விமர்சகரும் இதைவிடச் சுருக்கமாக இந்த ஆல்பத்தின் பலத்தையும் அதன் மீதுள்ள சந்தேகத்தையும் சொல்லிவிடவில்லை.

ஆனால் ‘ப்ளேம் இட் ஆன் த டெட்டன்ஸ்’ பாடலுக்கு அந்த நேரம் ஆகாது. மின்வாரியம் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தும் நாளில், தறிகள் ஓய்ந்த பகலில், கைப்பேசியில் சார்ஜ் இருக்கும்போது கேட்க வேண்டிய பாடல் அது. தொங்கும் மெட்டும் தயங்கித் தயங்கி வரும் குரலும் கொண்ட அந்தப் பாடலில் தயாரிப்பாளர் எதையும் மினுக்கவில்லை. இந்த ஆல்பத்தை வழுவழுப்பு என்று ஒதுக்கியவர்கள் பதின்மூன்றாம் தடம் வரை பொறுமையாக வந்தார்களா என்ற ஐயம் எனக்கு உண்டு.

சிறந்த மாற்று இசை ஆல்பத்துக்கான கிராமி விருதுக்கு 2005இல் இது பரிந்துரைக்கப்பட்டது. விருது வில்கோ குழுவுக்குப் போனது. கிரீன் குழுவுக்குத் திரும்பினார். த ஸ்மித்ஸ் குழுவின் கிட்டார் கலைஞர் ஜானி மாரும் சேர்ந்துகொள்ள, 2007இல் வந்த அடுத்த ஆல்பம் அமெரிக்க ஆல்பங்களின் வாராந்தர வரிசையான பில்போர்டு 200 பட்டியலில் முதலிடத்திலேயே நுழைந்தது. அதை ‘குட் நியூஸ்’ போட்ட பாதையில் ஓடிய வண்டி என்று சொல்லலாம், ஆனால் ‘த வேர்ல்ட் அட் லார்ஜ்’ அளவுக்கு மனதில் தங்கும் பாடல் அதில் எனக்குக் கிடைக்கவில்லை. கிரீன் 2022 டிசம்பர் கடைசி நாளில் புற்றுநோயால் காலமானார். அதன்பின் பழைய ஆல்பங்களில் அவருடைய டிரம்ஸைக் கேட்கும்போது, 2004இன் இந்தப் பதிவில் அவர் இல்லாத வெற்றிடம் முன்னைவிடக் கூடுதலாகவே உறுத்துகிறது.

இந்தக் குழுவை இதுவரை கேட்டிராதவர்கள் இந்த ஆல்பத்திலிருந்தே தொடங்கலாம். ‘ஃப்ளோட் ஆன்’ பாடலை மட்டும் தனியே எடுத்துக் கேட்காமல், இரண்டாம் தடத்திலிருந்து நான்காம் தடம் வரை நிறுத்தாமல் ஓடவிடுங்கள். அது பிடித்துவிட்டால் 1997 ஆல்பத்துக்குப் பின்னோக்கிப் போங்கள். பிடிக்காவிட்டாலும் போங்கள், ஏனென்றால் இந்த ஆல்பத்தைப் பிடிக்காத பலருக்கும் அதுதான் பிடித்திருக்கிறது.