நூறு டாலரில் 11 சென்ட்: ஒரு சாலைப் பொறியாளரின் விமர்சனம்

போன அக்டோபரில் ஒரு டவுன்ஷிப் கூட்டம். எங்கள் கவுண்டியில் ஒன்பது மைல் நீளமுள்ள ஓர் இருவழிச் சாலை. அதன் நடுக்கோட்டில் ரம்பிள் ஸ்ட்ரிப் வெட்டலாம் என்று நான் வேலை பார்க்கும் சின்ன கன்சல்டன்சி பரிந்துரைத்திருந்தது. டயர் ஏறினால் வண்டியே அதிருமே, அந்தப் பள்ள வரிசைதான். சாலையோரமாக வீடு வைத்திருக்கும் ஒரு பெரியவர் எழுந்தார். "தூங்கி விழும் டிரைவரை எழுப்புவது இருக்கட்டும். ராத்திரி என்னையும் அல்லவா எழுப்பும்? இதனால் பலன் உண்டு என்று யார் சோதித்துப் பார்த்தது?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியும், ஆனால் எண் தெரியாது. பார்த்துச் சொல்கிறேன் என்று சமாளித்துவிட்டு வந்தேன்.

அன்றிரவு, மகள் தூங்கியதும் மடிக்கணினியைத் திறந்து நான் போன இடம்தான் இந்த விமர்சனத்தின் பொருள்: அமெரிக்க நெடுஞ்சாலை ஆராய்ச்சிகளைத் தேடித் தரும் ட்ரிட் என்ற இலவசத் தளமும், அதன் வழியாகக் கிடைக்கும் என்.சி.எச்.ஆர்.பி. அறிக்கைகளும். பதினோரு வருடமாக வாரத்துக்கு இரண்டு முறையாவது பயன்படுத்துகிறேன். ஹோட்டலுக்கும் மிக்ஸிக்கும் விமர்சனம் எழுதுகிறோம், இதற்கு எழுதினால் என்ன?

இந்தத் தளத்துக்கும் அறிக்கைகளுக்கும் பின்னால் இருப்பது டிரான்ஸ்போர்டேஷன் ரிசர்ச் போர்டு, சுருக்கமாக டி.ஆர்.பி. நம் டிவி சேனல்கள் அடித்துக்கொள்ளும் டி.ஆர்.பி. இல்லை, இது 1920-ல் தொடங்கியது. என்.சி.எச்.ஆர்.பி. என்பது 1962-ல் மாநிலங்கள் சேர்ந்து ஆரம்பித்த கூட்டு ஆராய்ச்சித் திட்டம்.

அங்கே ரிப்போர்ட் 641 இருக்கிறது. 2009-ல் வந்தது, முழுக்க ரம்பிள் ஸ்ட்ரிப் பற்றியே. கிராமப்புற இருவழிச் சாலைகளில் நடுக்கோட்டில் இதை வெட்டிய பிறகு, நேருக்கு நேர் மோதுவது, எதிரே வரும் வண்டியை உரசுவது ஆகிய வகை விபத்துகளில் உயிரிழப்போ காயமோ ஏற்படுத்துபவை 44 விழுக்காடு குறைந்தன என்கிறது. எல்லா வகை விபத்துகளையும் சேர்த்துக் கணக்கிட்டால் குறைவது 9 விழுக்காடுதான். அதையும் மறைக்காமல் பக்கத்திலேயே போட்டிருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது இதுதான். பொருளை விற்கிற கம்பெனியின் கையேட்டில் 44 மட்டும் பெரிய எழுத்தில் இருந்திருக்கும்.

சரி, இதற்குக் காசு யாருடையது? மத்திய அரசு மாநிலங்களுக்குத் தரும் முக்கிய நெடுஞ்சாலை நிதிகளில் 2 விழுக்காட்டைத் திட்டமிடலுக்கும் ஆராய்ச்சிக்கும் என்று சட்டப்படி ஒதுக்கி வைக்க வேண்டும். அந்த ஒதுக்கீட்டில் குறைந்தது கால் பங்கு ஆராய்ச்சிக்கும் அதைச் சார்ந்த வேலைகளுக்கும் போக வேண்டும். அதாவது நூறு டாலரில் இரண்டு டாலர், அதில் ஐம்பது சென்ட். அதே இரண்டு டாலரிலிருந்து 5.5 விழுக்காட்டை ஒவ்வொரு மாநிலமும் என்.சி.எச்.ஆர்.பி. என்ற பொது உண்டியலில் போடுகிறது. கணக்குப் போட்டால் 11 சென்ட். எல்லாம் பெட்ரோல் போடும்போது நாம் கட்டும் வரி என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் கேலனுக்கு 18.4 சென்ட் என்ற அந்த மத்திய வரி 1993-லிருந்து அசையவே இல்லை. 2008-லிருந்து பொதுக் கஜானாவிலிருந்து எடுத்து எடுத்துத்தான் நெடுஞ்சாலை நிதிக்கு முட்டுக் கொடுக்கிறார்கள்.

11 சென்ட்டுக்கு எவ்வளவு எதிர்பார்க்கலாம்? நான் எதிர்பார்த்ததைவிட நிறையவே கிடைக்கிறது. என்ன ஆராய்ச்சி செய்வது என்பதைப் பேராசிரியர்கள் தங்கள் ஆசைக்கு முடிவு செய்வதில்லை. பிரச்சினைகளை முன்வைப்பது பெரும்பாலும் மாநிலச் சாலைத் துறைகள், எவற்றுக்குப் பணம் என்று தீர்மானிப்பதும் அவர்கள்தான். ஒவ்வொரு திட்டத்தையும் மேற்பார்க்கும் குழுவினர் சம்பளம் வாங்காமல் செய்கிறார்கள். அதனால் அறிக்கையின் கடைசி அத்தியாயம் பெரும்பாலும் நாளைக்கே சாலையின் வடிவமைப்புப் படத்தில் வரையக்கூடியதாக இருக்கும். பல்கலைக்கழகங்கள் தனியாகச் செய்து போடும் அறிக்கைகளில் சில அப்படி இல்லை. படித்து முடித்தால் ஒரு மாணவனுக்குப் பட்டம் கிடைத்திருக்கும் என்று மட்டும் தெரியும்.

தாமதம் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். பிரச்சினையை எழுதி, தேர்வாகி, ஆள் பிடித்து, அளந்து, அச்சாகி வர வருடங்கள் ஆகும். இன்றைக்குப் பள்ளம் விழுந்த சாலைக்கு இன்றைக்கே மருந்து வேண்டும் என்பவர்களுக்கு இந்தச் சேவை ஒத்துவராது.

ஆனால் சாலை ஆராய்ச்சிக்கு அவசரம் ஆகாது என்பதற்கு இல்லினாயில் ஒட்டாவா பக்கம் ஓர் இடம் உண்டு. ஐ-80-ல் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் காரில் இருப்பவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லிவிடுவேன், மகளுக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. 1958-லிருந்து 1960 வரை ராணுவ டிரைவர்கள் சுமையேற்றிய லாரிகளைச் சோதனைச் சாலைகளில் சுற்றிச் சுற்றி ஓட்டினார்கள். தாக்குப்பிடித்த துண்டுகள் ஒவ்வொன்றின் மேலும் 11 லட்சத்துக்கும் அதிகமான ஆக்சில்கள், அதாவது சக்கர அச்சுகள், ஏறி இறங்கின. செலவு 2.7 கோடி டாலர். ஆக்சில் சுமை இரண்டு மடங்கானால் சாலைக்கு ஏற்படும் சேதம் ஏறத்தாழ பதினாறு மடங்கு என்ற கணக்கு அங்கிருந்துதான் வந்தது. கனமான லாரியைப் பார்த்து எங்கள் தொழிலில் எல்லாரும் பயப்படுவது அதனால்தான். குறை என்னவென்றால் ஒரே மண், ஒரே தட்பவெப்பம், இரண்டே வருடம். அந்தக் குறையைத் தீர்க்கத்தான் 1987-ல் நெடுஞ்சாலை ஆராய்ச்சிக்கென்று ஐந்து வருடத்துக்கு 15 கோடி டாலர் ஒதுக்கியபோது, நிஜச் சாலைகளையே நெடுங்காலம் கண்காணிக்கும் எல்.டி.பி.பி. திட்டத்தையும் சேர்த்துத் தொடங்கினார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 2,500-க்கும் மேற்பட்ட சாலைத் துண்டுகள். அத்தனை அளவீடுகளும் இன்ஃபோபேவ் என்ற தளத்தில் சும்மாவே கிடைக்கின்றன. மாலையில் உட்கார்ந்தால் நேரம் போவதே தெரியாது. என் கணவர் இதைக் கேட்டுச் சிரிப்பார்.

இனி குறைகள். ட்ரிட் அடிப்படையில் ஓர் அட்டவணை, நூலகம் அல்ல. பத்து லட்சத்துக்கும் மேல் பதிவுகள் இருந்தாலும் பலவற்றில் சுருக்கம் மட்டுமே உண்டு. பழைய அரசு அறிக்கை என்றால் தேசியப் போக்குவரத்து நூலகத்தின் ரோசா-பி களஞ்சியத்தில் தேடுங்கள், பாதி நேரம் அங்கே இருக்கும். என்.சி.எச்.ஆர்.பி. அறிக்கைகளுக்கு அந்தச் சிக்கல் இல்லை, பிடிஎஃப் இலவசம்.

எனக்கு உண்மையிலேயே எரிச்சல் தருவது வேறு. ஹைவே கெபாசிட்டி மேனுவலை எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு சாலை எவ்வளவு போக்குவரத்தைத் தாங்கும் என்று கணக்கிட நாங்கள் பார்க்கும் கையேடு. அதற்குள் இருக்கும் ஆராய்ச்சியில் கணிசமான பங்கு இந்தப் பொது உண்டியலில் நடந்தது. அறிக்கைகளை இலவசமாகப் படிக்கலாம், ஆனால் அவற்றைத் திரட்டி, தினமும் மேசையில் வைத்திருக்க வேண்டிய அந்தப் புத்தகத்தைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். அரிசி நம் வீட்டிலிருந்து போனது, சாப்பாட்டுக்குத் தனி பில். எங்களைப் போன்ற ஆறு பேர் கம்பெனிக்கு இது சின்ன விஷயம் இல்லை.

புதிதாகப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். தேடும்போது முடிந்த ஆராய்ச்சிகளோடு நிறுத்தாமல், இப்போது நடந்துகொண்டிருப்பவற்றையும் பாருங்கள், ட்ரிட்டில் அதற்கும் பதிவுகள் உண்டு. நமக்கு இன்று தோன்றும் கேள்விக்கு ஏற்கனவே யாரோ ஒரு மாநிலம் பணம் கொடுத்து ஆள் வைத்திருக்கும். பெரியவரின் சத்தப் புகாருக்கும் அப்படித்தான் வழி கிடைத்தது. வழக்கமான பள்ளத்துக்குப் பதிலாக அலை அலையாக வெட்டும் ஒரு வடிவம் உண்டு, ரம்பிளுக்குப் பதில் மம்பிள் என்றே செல்லப் பெயர் வைத்துவிட்டார்கள். மினசோட்டாவும் கலிபோர்னியாவும் சோதித்துப் பார்த்திருக்கின்றன. வண்டிக்குள் அதிர்வு தெரியும், வெளியே கேட்கும் சத்தம் குறைவு.

அடுத்த கூட்டத்துக்கு ரிப்போர்ட் 641-லிருந்தும் மம்பிள் பற்றிய அறிக்கையிலிருந்தும் நான்கு பக்கம் பிரிண்ட் எடுத்துப் போனேன். பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். 44-ஐத் தாண்டி 9-க்கு வந்ததும் நிமிர்ந்து, "இதையும் போட்டிருக்கிறார்களே" என்றார். தன் வீட்டுக்கு முன்னால் மட்டும் அலை வடிவம் வேண்டும் என்றார். வெட்டும் இயந்திரத்தை நடுவில் மாற்ற முடியாது என்று காண்ட்ராக்டர் சொல்லிவிட்டதால், ஒன்பது மைலுக்கும் அதையே போட்டு இப்போது படம் வரைந்துகொண்டிருக்கிறேன்.

ஐந்துக்கு நான்கரை நட்சத்திரம். மேனுவலுக்குக் காசு கேட்பதை நிறுத்தினால் மீதி அரையும் தருவேன்.