கியூபிசிஆரா, ஆர்என்ஏ-சீக்கா: எந்தக் கேள்விக்கு எது?

மருந்தோ வெப்பமோ பட்ட செல்லில் எந்த மரபணுவின் வெளிப்பாடு (அதிலிருந்து உருவாகும் ஆர்என்ஏவின் அளவு) ஏறியது, எது இறங்கியது? இதை அளக்க இன்று பெரும்பாலும் இரண்டு வழிகள்தான்: தேர்ந்தெடுத்த சில மரபணுக்களை மட்டும் பெருக்கி அளக்கும் கியூபிசிஆர் (qPCR), எல்லா மரபணுக்களின் ஆர்என்ஏவையும் ஒருசேர வரிசைப்படுத்தும் ஆர்என்ஏ-சீக் (RNA-seq). 1995-இல் அராபிடாப்சிஸ் என்ற செடியின் 45 மரபணுக்களோடு வந்த மைக்ரோஅரே (மரபணுத் துண்டுகளைப் பதித்த சில்லு) இன்னும் புழக்கத்தில் இருந்தாலும், சில்லில் பதித்ததைத் தவிர வேறெதுவும் அதற்குத் தெரியாது. புதிதாகத் தொடங்குவோருக்கு அது வேண்டாம்.

பார்க்க வேண்டிய மரபணுக்கள் பத்து இருபதுதான், பெயரும் தெரியும் என்றால் கியூபிசிஆர் போதும். காலையில் ஆர்என்ஏ பிரித்தால் மாலைக்குள் விடை வந்துவிடும். சிக்கல் ஒப்பீட்டு மரபணுவில், அதாவது மாறாது என்று நம்பி அளவுகோலாக வைக்கும் மரபணுவில்தான். இலக்கு மரபணுவின் சிடி (சமிக்ஞை தெரிய எடுக்கும் சுழற்சிகளின் எண்ணிக்கை; குறைந்தால் ஆர்என்ஏ அதிகம்) 26-இலிருந்து 23 ஆகிறது, ஒப்பீட்டு மரபணுவான ஜிஏபிடிஹெச்-இன் சிடி 18-இலிருந்து 17 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். முன்பு இடைவெளி 8, இப்போது 6. ஒவ்வொரு சுழற்சியிலும் இரட்டிப்பதால் ஏற்றம் 4 மடங்கு. ஆனால் சோதனை ஆக்சிஜன் குறைவைப் பற்றியது என்றால்? அந்த நிலையில் ஜிஏபிடிஹெச் தானே ஏறும். உண்மையில் 8 மடங்கு ஏறியது 4 என்று பதிவாகிவிடும். அதனால் குறைந்தது இரண்டு ஒப்பீட்டு மரபணுக்கள் வேண்டும்; உங்கள் சோதனை நிலையில் அவை அசையாமல் நிற்கின்றனவா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

பிரைமரின் (மரபணுவில் ஒட்டிப் பெருக்கத்தைத் தொடங்கும் சிறு டிஎன்ஏ துண்டு) திறனையும் பத்து பத்து மடங்காக நீர்த்த வரிசையில் சோதியுங்கள். அளவின் மடக்கைக்கு எதிரே சிடியை வரைந்த கோட்டின் சாய்வு -3.32 என்றால் திறன் 100 சதவீதம். 90 முதல் 110 வரை ஏற்கலாம். ஆர்என்ஏவை டிஎன்ஏவாக்கும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் நொதி சேர்க்காத குழாயின் சிடி, மாதிரியைவிட 7 சுழற்சியாவது பிந்தினால் டிஎன்ஏ கலப்படம் 1 சதவீதத்துக்கும் கீழே. இல்லையென்றால் டிஎன்ஏவைச் சிதைக்கும் டிஎன்ஏஸ் நொதி போட்டுத் திரும்பச் செய்வதுதான் வழி.

எது மாறும் என்றே தெரியாதபோது ஆர்என்ஏ-சீக். மொத்த ஆர்என்ஏவில் 80 சதவீதத்துக்கு மேல் ரைபோசோம் ஆர்என்ஏதான்; அதை விலக்காமல் லைப்ரரி (வரிசைப்படுத்தத் தயாராக்கிய துண்டுகளின் தொகுப்பு) செய்தால் பணம் முழுக்க அதற்கே போகும். எம்ஆர்என்ஏவின் 3' முனையிலுள்ள ஏ-வாலைப் பிடித்தெடுக்கும் பாலி-ஏ பிடிப்பு மலிவு. ஆனால் பாக்டீரியாவுக்கு உதவாது, சிதைந்த ஆர்என்ஏவில் 3' முனை மட்டும் மிஞ்சும். ஆர்என்ஏ எவ்வளவு சிதையாமல் உள்ளது என்று காட்டும் ஆர்ஐஎன் மதிப்பெண் 7-க்குக் கீழே போனால் ரைபோசோம் நீக்கும் முறைக்கு மாறுங்கள்.

கைக்காசு குறைவென்றால் ரீட்களை (கருவி படிக்கும் ஆர்என்ஏ துண்டுகள்) குறையுங்கள், உயிரியல் மாதிரிகளைக் குறைக்காதீர்கள். சாதாரண ஒப்பீட்டுக்கு மாதிரிக்கு 2 கோடி ரீட் பெரும்பாலும் போதும். 2016-இல் ஈஸ்ட்டில் நிலைக்கு 48 மாதிரிகள் வைத்துச் செய்த ஆய்வு, குறைந்தது 6 வேண்டும் என்றது. பலரும் 3 வைக்கிறார்கள். அதில் பெரிய மாற்றங்கள் தெரியும், சிறியவை நழுவும். கட்டுப்பாட்டு மாதிரிகளைத் திங்களன்றும் மருந்திட்டவற்றை வியாழனன்றும் பிரித்தெடுத்தால் நாளின் வேறுபாடா மருந்தின் வேறுபாடா என்று எந்த மென்பொருளாலும் சொல்ல முடியாது. வேறுபாட்டைக் கணிக்கும் மென்பொருளான டெசீக்2-க்குக் கொடுக்க வேண்டியது ரீட்களின் மூல எண்ணிக்கை, டிபிஎம் (மரபணு நீளத்துக்கும் மொத்த ரீட்களுக்கும் ஏற்பச் சரிசெய்த அளவு) அல்ல.

சீக்கின் முடிவைக் கியூபிசிஆரில் சரிபார்க்கச் சொல்லும் விமர்சகர்கள் உண்டு. அதே ஆர்என்ஏவை எடுத்து அளந்தால் கருவியைத்தான் சோதிக்கிறீர்கள்; புதிதாக வளர்த்த செல்களில் அளந்தால்தான் மாற்றத்தையே சோதிப்பதாகும்.