ரூட் கெனால் செய்த கடைவாய்ப்பல்லுக்கு கேப்: உலோகமும் ஜிர்கோனியாவும் பல வருஷம் வாயில் இருந்த அனுபவம்

கீழ் வலது கடைவாய்ப்பல்லில் 2013ல் போட்ட உலோகக் கேப், இடதில் 2019ல் போட்ட ஜிர்கோனியா, அதாவது பல் நிறத்தில் வரும் பீங்கான் வகை. இரண்டுமே ரூட் கெனால் செய்த, அதாவது உள்ளே இருக்கும் நரம்பை எடுத்து அடைத்த பற்கள். ரூட் கெனாலோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் கும்பகோணம் பக்கம் எங்கள் ஊரில் நிறைய. அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் அத்தையும் அப்படித்தான் நிறுத்தினார். "வலிதான் விட்டுப்போச்சே தம்பி, அதுக்கு மேல எதுக்குக் காசைக் கொட்டணும்?" என்றார். ஃபில்லிங் மட்டும் வைத்திருந்தார். வீட்டில் சீவல்தான் போடுவார். ஒரு கல்யாண வீட்டில் தாம்பூலத் தட்டிலிருந்து கொட்டைப்பாக்கை எடுத்துக் கடித்துவிட்டார். பல் மேலிருந்து வேர்வரை இரண்டாகப் பிளந்துவிட்டது. ரூட் கெனாலில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் வேர்வரை பிளந்த பல்லைப் பிடுங்கத்தான் வேண்டியிருந்தது.

நரம்பை எடுத்தால் பல் காய்ந்து நொறுங்கிவிடும் என்று பலரும் சொல்வார்கள். முக்கியக் காரணம் அதுவல்ல. சொத்தை தின்றது, டாக்டர் சுரண்டியது எல்லாம் போக மிஞ்சும் சுவர்தான் மெலிந்து நிற்கிறது. 1989ல் ரீ, மெஸ்ஸர், டக்ளஸ் என்ற மூன்று ஆராய்ச்சியாளர்கள் இதை அளந்தே காட்டினார்கள். ரூட் கெனாலுக்காகத் துளை போட்டதில் பல்லின் விறைப்பு 5 சதவீதம்தான் குறைந்தது. முன்விளிம்பும் பின்விளிம்பும் சேர்ந்து போன பல்லில் 63 சதவீதம் குறைந்தது. அதனால் அதிகம் சேதமில்லாத முன்பல்லுக்குப் பெரும்பாலும் ஃபில்லிங்கே போதும். விளிம்பு போன கடைவாய்ப்பல்லுக்கு கேப்பைத் தள்ளிப்போடவே கூடாது.

உலோகக் கேப்புக்குப் பல்லை அதிகம் ராவ வேண்டியதில்லை, விலையும் குறைவு. இத்தனை வருஷத்தில் எனக்கு ஒரு சில்லுகூடப் பெயரவில்லை. பொங்கல் கரும்பை அந்தப் பக்கம்தான் மெல்லுகிறேன். கொட்டைப்பாக்கும் நல்லி எலும்பும் மட்டும் கிடையாது. வாயை நன்றாகத் திறந்து சிரித்தால் வெள்ளியாகத் தெரியும், அவ்வளவுதான்.

ஜிர்கோனியா நிறம் அருமை, பலமும் உண்டு. ஆனால் முதலில் வந்த கேப்புக்கும் பக்கத்துப் பல்லுக்கும் நடுவே இடைவெளி இருந்தது. முருங்கைக்காய் சாம்பார் சாப்பிட்டால் ஒரு நார் நேராக அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். ராத்திரிக்குள் ஈறு விண்விண்ணென்று தெறிக்கும். "பழகிடும்" என்றார்கள். இது பழகுகிற விஷயமே இல்லை. கடைசியில் அறுத்தெடுத்துவிட்டு வேறு செய்து போட்டார்கள். ஜிர்கோனியாவை அறுப்பது லேசில்லை, நெடுநேரம் வாயைத் திறந்தபடி கிடக்க வேண்டும். அதனால் சிமென்ட் வைத்து ஒட்டுவதற்கு முன்பே பல் நூலை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நூல் கொஞ்சம் இறுக்கிப் பிடித்து, டக்கென்று இறங்க வேண்டும். வழுக்கிக்கொண்டு போனால் சோறு சிக்கும்.

அப்புறம் கேப் எங்கே உயரமாகப் படுகிறது என்று பார்க்க நீலக் காகிதத்தைக் கடிக்கச் சொல்வார்கள். கேப் துளி உயரமாகப் பட்டாலும் அப்போதே சொல்லிவிட வேண்டும். நரம்பு இல்லாவிட்டாலும் பல்லைச் சுற்றியுள்ள சவ்வு வலிக்கும். ஜிர்கோனியாவை ராவினால் மறுபடி வழவழப்பாக மெருகேற்றியே ஆகவேண்டும். சொரசொரப்பாக விட்டால் எதிர்ப்பல்லைத் தேய்த்துவிடும்.

போட்டுவிட்டு மறந்துவிடலாம் என்பது மட்டும் பொய். கேப் சொத்தையாகாது, ஆனால் அது முடிகிற இடத்தில், ஈறோரமாக இருக்கிற சொந்தப் பல் சொத்தையாகும். நரம்பு இல்லாததால் கூச்சமோ வலியோ காட்டிக்கொடுக்காது. வெற்றிலை போடுகிறவர்களுக்கு அந்த ஓரத்தில் காவியும் சேரும். நான் ராத்திரி அந்த இடுக்கை நூலால் சுத்தம் செய்யாமல் படுப்பதில்லை. அவ்வப்போது எக்ஸ்ரே எடுத்தும் பார்த்துக்கொள்கிறேன்.

மேல் வரிசைக் கடைசிப் பல்லுக்கு இனிமேல் தேவைப்பட்டால் உலோகமே போடுவேன். அங்கே யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்?