சாலிப்புழாவில் மூன்று நாள்: ஒரு கயாக் வழிகாட்டிச் சேவையைப் பற்றி

கோழிக்கோடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், துஷாரகிரி அருவிகளுக்குக் கீழே இறங்கி கோடஞ்சேரி வழியாக ஓடும் சாலிப்புழாவில் கயாக் (துடுப்பால் செலுத்தும் ஒடுங்கிய சிறு படகு) ஓட்டுவதற்காகச் சென்ற ஜூலை மாதம் நானும் என் தங்கையும் ஓர் உள்ளூர் வழிகாட்டிக் குழுவை அமர்த்திக்கொண்டோம். நான்கைந்து பேர் சேர்ந்து மழைக்காலத்தில் மட்டும் நடத்தும் சிறிய அமைப்பு அது. கீழே சில குறைகளையும் எழுதப் போவதால் அதன் பெயரைத் தவிர்க்கிறேன். ஆனால் அந்த ஆற்றுக்கு யாரை அமர்த்துவதானாலும் எதைக் கேட்க வேண்டும், எதை எதிர்பார்க்கலாம் என்பதற்கு இந்த அனுபவம் உதவும்.

முதலில் ஆற்றைப் பற்றி. வெள்ளரிமலைப் பக்கத்திலிருந்து இறங்கும் இருவஞ்ஞிப்புழாவும் அதில் வந்து சேரும் சாலிப்புழாவும் சாலியாற்றின் துணையாறுகள். மேற்குத் தொடர்ச்சி மலையின் மேற்குச் சரிவில் பிறக்கும் பெரும்பாலான ஆறுகளைப் போலவே இவையும் நீளம் குறைந்தவை, சரிவு மிகுந்தவை. கோடையில் பாறைகளுக்கு இடையே கணுக்கால் அளவு நீர் ஓடும் அதே இடத்தில், தென்மேற்குப் பருவமழை வலுத்தபின் வெண்ணுரை பொங்கும். மலபார் நதித் திருவிழா என்ற பெயரில் 2013 முதல் இங்கே கயாக் போட்டிகள் நடந்துவருவதும், வெல்பவர்களுக்கு ‘ரேப்பிட் ராஜா’, ‘ரேப்பிட் ராணி’ என்று பட்டம் கொடுப்பதும் இந்த நீரை நம்பித்தான். மழை நின்ற சில மணி நேரத்தில் மட்டம் இறங்கிவிடும். மலையுச்சியில் பெய்தால், கீழே வெயில் அடிக்கும்போதே ஏறிவிடும். ஆகவே இங்கே பயணத் திட்டம் என்பது தேதியைக் குறிப்பதோடு முடிந்துவிடுவதில்லை.

இந்தக் குழுவை நான் மதிக்கத் தொடங்கியது இந்த இடத்தில்தான். நான் இரண்டு நாள் கேட்டேன். அவர்கள் நான்கு நாளை ஒதுக்கி வையுங்கள், அதில் எந்த இரண்டு நாளில் ஆற்றில் இறங்குவோம் என்பதை ஆறுதான் சொல்லும் என்றார்கள். முன்பணம் கேட்பதற்கு முன்பே கேள்விகள் வந்தன: நீச்சல் தெரியுமா, ஓடும் நீரில் நீந்தியதுண்டா, தோள்மூட்டு எப்போதாவது நழுவியிருக்கிறதா, கவிழ்ந்த படகிலிருந்து வெளியே வரப் பழகியதுண்டா? முட்டுக்காட்டின் அமைதியான நீரில் துடுப்புப் போட்டுப் பழகிய என் பெருமையை அவர்கள் மரியாதையாகக் கேட்டுவிட்டு, அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. அப்போது சற்று உறுத்தியது. ஆற்றைப் பார்த்தபின் உறுத்தவில்லை. என்னால் நான்கு நாள் விடுப்பு எடுக்க முடியாமல் போய், மூன்று நாளில் சமரசம் செய்துகொண்டோம்.

கோயம்புத்தூரிலிருந்து ரயிலில் கோழிக்கோடு சென்று, அங்கிருந்து சாலைவழியாகக் கோடஞ்சேரியை அடைந்தோம். தங்கியது ரப்பர் தோட்டத்துக்கு நடுவே ஒரு வீட்டில். கப்பையும் மீன்குழம்பும் நன்றாக இருந்தன, துணி மட்டும் மூன்று நாளும் காயவில்லை.

உபகரணங்களைப் பொறுத்தவரை என் மதிப்பீடு கலவையானது. படகுகள் தடித்த பிளாஸ்டிக்கால் ஆனவை. அடிப்பகுதியில் பாறை உரசிய கீறல்கள் நிறைய இருந்தாலும், இருக்கையும் முதுகுப்பட்டையும் தொடைப்பிடிகளும் உறுதியாக இருந்தன. ஹெல்மெட்டுகள் நல்ல நிலையில் இருந்தன. குறை வந்தது ஸ்ப்ரே ஸ்கர்ட்டில். படகின் வாயை மூடி, நீர் உள்ளே புகாமல் தடுக்கும் அந்த இடுப்புத் துணி எனக்குத் தரப்பட்டபோதே தளர்ந்திருந்தது. கவிழ்ந்தால் இழுத்து வெளியேற வேண்டிய முன்பக்கப் பிடிவளையத்தின் தையலும் பாதி பிரிந்திருந்தது. அவசரத்தில் கை தேடிப் போகும் ஒரே பொருள் அந்த வளையம்தான். நான் சுட்டிக்காட்டியதும் மன்னிப்புக் கேட்டு வேறொன்று தந்தார்கள் என்றாலும், அதைக் கண்டுபிடிக்க வேண்டியவன் வாடிக்கையாளன் அல்ல. என் தங்கைக்கு முதலில் கிடைத்த லைஃப் ஜாக்கெட்டும் பெரிது. தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கினால் காதுவரை ஏறியது. நீரில் இறங்குமுன் யாராவது இப்படித் தூக்கிப் பார்க்கட்டும். ஏறினால் அந்த ஜாக்கெட் வேண்டாம்.

முதல் நாள் முழுவதும் கோடஞ்சேரி அருகே புலிக்கயம் என்ற இடத்துக்குக் கீழே அகன்ற, மெதுவான பகுதியில் கழிந்தது. வேண்டுமென்றே கவிழ்ந்து, தலைகீழாக நீருக்குள் இருந்தபடி படகின் அடியை மூன்று முறை தட்டி, பிடிவளையத்தை இழுத்து வெளியே வருவதை ஒவ்வொருவரும் ஆறு முறை செய்தோம். பிறகு சைகைகள்: துடுப்பைக் குறுக்கே படுக்கைவாட்டில் உயர்த்தினால் நில், நிமிர்த்திப் பிடித்தால் நடுவில் வரலாம், மூன்று விசில் என்றால் ஆபத்து. நீரில் விழுந்தால் மல்லாந்து, கால்களை ஓட்டத்தின் திசையில் முன்னே நீட்டி மிதக்க வேண்டும். முழங்காலுக்கு மேல் ஓடும் நீரில் எழுந்து நிற்க முயலவே கூடாது, பாறை இடுக்கில் பாதம் சிக்கினால் ஓட்டம் ஆளை முகங்குப்புறத் தள்ளிவிடும். இதை வாயால் சொல்லி முடித்துவிடாமல், எங்களை இடுப்பளவு நீரில் மிதக்கவிட்டுப் பழக்கினார்கள். ஆறாத காயம் இருக்கிறதா என்று கை கால்களைப் பார்த்ததையும் குறிப்பிட வேண்டும். மழைக்காலக் கேரளத்தில், காயம் வழியே நீரிலிருந்து தொற்றும் எலிக்காய்ச்சல் வெறும் அச்சுறுத்தல் அல்ல.

அன்று மாலை மூத்த வழிகாட்டி கரைக்குப் போய், நீர் தொடும் விளிம்பில் கரைச்சரிவில் மேல்நோக்கி மூன்று வெள்ளைக் கூழாங்கற்களை ஒரு முழ இடைவெளியில் வைத்தார். இது என்ன பூசையா என்று என் தங்கை கேட்டாள், அவர் சிரித்தார். மறுநாள் காலை ஆறரை மணிக்குப் போய்ப் பார்த்தபோது மூன்று கற்களும் நீருக்கு அடியில் இருந்தன. நாங்கள் தங்கிய இடத்தில் இரவு பெரிய மழை இல்லை. முதல் நாள் பச்சையாகத் தெளிந்திருந்த நீர், பால் அதிகம் விட்ட தேநீரின் நிறத்தில் ஓடியது. இலைகளும் சுள்ளிகளும், வேரோடு ஒரு வாழைக்கன்றும் மிதந்து சென்றன. ஆற்றின் ஒலியே மாறியிருந்தது: சலசலப்பு போய், அடியில் பாறை உருளும் கனத்த முழக்கம். “மலைவெள்ளம். இந்நு வேண்டா சேட்டா” என்றார் அவர்.

அன்று மாவட்டத்துக்கு இருந்தது மஞ்சள் எச்சரிக்கைதான். 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மி.மீ. வரை மழை பெய்யலாம் என்பது அதன் பொருள். வேறு சிலர் அதே நாளில் ஆட்களை இறக்கியதையும் பார்த்தோம். நான் வாதாடினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவர் குரலை உயர்த்தாமல், 2024 ஜூலை 30 அன்று முண்டக்கையையும் சூரல்மலையையும் அழித்த நிலச்சரிவு இந்த மலையின் மறுபுறச் சரிவில் நடந்தது என்று மட்டும் சொன்னார். அதற்குமேல் நான் பேசவில்லை. இந்தச் சேவைக்கு நான் கொடுத்த பணத்தில் மிக நன்றாகச் செலவானது அந்த ‘வேண்டா’ என்ற சொல்லுக்குத்தான் என்று இப்போது நினைக்கிறேன். அன்றைய பகலை அவர்கள் வீணாக்கவும் இல்லை. மறுநாள் செல்லவிருந்த பகுதி முழுவதையும், அட்டைகளைத் தட்டிவிட்டபடி, கரையோரக் காட்டுவழியே நடத்திக் காட்டினார்கள். எந்தப் பாறைக்குப் பின்னால் நீர் திரும்பி அமைதியாக நிற்கிறது, எந்த விழுதலின் அடியில் நீர் தன்மேலேயே மடங்கிப் படகைப் பிடித்துவைக்கிறது, எங்கே சாய்ந்த மரத்தின் கிளைகள் சல்லடைபோல் நீரை மட்டும் விட்டு ஆளைத் தடுக்கும் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார்கள்.

மூன்றாம் நாள் நீர் இறங்கியிருந்தது; வழிகாட்டிகள் அன்றைய மட்டத்தில் அந்தப் பகுதியைக் கடினத்தின் ஆறு நிலைகளில் மூன்றாம் நிலை என்று மதிப்பிட்டார்கள். முன்னே ஒருவர், பின்னே ஒருவர், கடினமான இடத்துக்குக் கீழே கரையில் மீட்புக் கயிற்றுப் பையுடன் ஒருவர் என்ற வரிசையில் இறங்கினோம். இருபுறமும் கிளைகள் கவிந்து ஆறு குறுகும் ஒரு திருப்பத்தில், இடப்பக்கப் பாறைக்குப் பின்னால் ஒதுங்க வேண்டியவன் ஒரு துடுப்பு தாமதித்தேன், படகு கவிழ்ந்தது. பிடிவளையத்தை இழுத்து வெளியே வந்து மூச்சு விடுமுன் நீல நிறக் கயிறு என் மார்பின் குறுக்கே விழுந்தது. முதல் வீச்சிலேயே. என் தங்கை அதே இடத்தை உலர்ந்த தலையுடன் கடந்தாள். வீட்டில் இந்தக் கதை இனி அவள் சொல்வதாகத்தான் இருக்கும்.

மனத்தாங்கல் இரண்டு உண்டு. பெண்கள் உடை மாற்ற ஆற்றோரத்தில் எந்த ஏற்பாடும் இல்லை. ஒரு தார்ப்பாயும் நான்கு கொம்பும் இருந்தால் தீர்ந்துவிடும் சிக்கல் இது. அடுத்தது பணம். ஆற்றில் இறங்காத நாளுக்கும் பாதிக் கட்டணம் உண்டு என்பதைக் கணக்கு முடிக்கும்போதுதான் சொன்னார்கள். கட்டணம் நியாயமானதே, அன்றும் மூவர் எங்களுக்காக உழைத்தார்கள். ஆனால் முன்பணம் வாங்கும்போதே அதை எழுத்தில் தந்திருக்க வேண்டும். முழுக் கட்டணமும் கைக்கு வரும் என்பதற்காகவே ஆபத்தான நீரில் ஆளை இறக்கும் ஆசை எந்தக் குழுவுக்கும் வரலாம். பாதிக் கட்டண விதியை வெளிப்படையாக வைப்பது அந்த ஆசைக்கு மருந்து என்று அவர்களிடமே சொன்னேன். அடுத்த பருவத்திலிருந்து எழுத்தில் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

நீச்சல் தெரியாதவர்களுக்கும், ஞாயிறு மாலைக்குள் வீடு திரும்பியே ஆக வேண்டியவர்களுக்கும் இந்தச் சேவை ஏற்றதல்ல. நாங்கள் அடுத்த ஜூலைக்கு ஐந்து நாள் கேட்டிருக்கிறோம். ஸ்ப்ரே ஸ்கர்ட்டை இம்முறை நானே வாங்கிக்கொண்டு போவேன்.