பழைய ஆல்டோ ஏசிக்கு கேஜ் செட் வாங்கலாமா?

ஏசி குளிரவில்லை என்றதும் பிரஷர் பார்க்காமலே கேஸ் ஏற்றும் பழக்கம் பல ஒர்க்‌ஷாப்களில் இருக்கிறது. அந்த வீண்செலவைத் தடுக்க, ஆர்-134ஏ (கார் ஏசி கேஸ்) பிரஷரைக் காட்டும் இரட்டை மீட்டரான கேஜ் செட் நல்ல முதலீடு. நீல ஹோஸ் லோ சைடுக்கு (கம்ப்ரசருக்குள் கேஸ் போகும் பக்கம்), சிவப்பு ஹை சைடுக்கு (அழுத்தப்பட்டு வெளியேறும் பக்கம்). ஹோஸ் நுனியில் உள்ள கப்ளர் (இணைப்பான்) அளவு வேறு என்பதால் மாற்றி மாட்ட முடியாது.

இன்ஜின் அணைந்து ஆறிய பின் இரண்டு முள்ளும் ஒரே அளவில் நிற்க வேண்டும். 30 டிகிரியில் சுமார் 95 பி.எஸ்.ஐ. வெறும் 50 என்றால் கேஸ் கசிந்துவிட்டது. பிறகு 1,500 ஆர்பிஎம்மில், ப்ளோயரை முழு வேகத்தில் வைத்துப் பாருங்கள். லோ 25–40, ஹை 150–250 இருந்தால் சரி. லோ ஏறி ஹை இறங்கினால் பெரும்பாலும் கம்ப்ரசர் தேய்மானம். இரண்டுமே எகிறினால் கண்டென்சர் (கேஸின் சூட்டை வெளியேற்றும் பாகம்) ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். கண்டென்சர்மேல் தண்ணீர் அடித்ததும் ஹை சைடு மளமளவென இறங்கினால், குறை காற்றோட்டத்தில்தான்.

மலிவு செட்களின் பலவீனம் கப்ளர். ஓ-ரிங் சீக்கிரம் தேய்ந்து, கழற்றும்போது கேஸ் பீய்ச்சும். கண்ணாடி, கையுறை கட்டாயம். கேஸ் ஏற்றும்போது, ஏசி ஓடுகையில் சிவப்பு வால்வைத் திறக்கவே கூடாது, ஹை சைடு பிரஷர் பாய்ந்து கேஸ் கேன் வெடித்துவிடும்.

பிரஷர் சரியாக இருந்தும் வெதுவெதுப்பான காற்று வந்தால் கேஜ் உதவாது. ஹீட்டர் ஹோஸை (இன்ஜினின் சூடான தண்ணீர் ஹீட்டருக்குப் போகும் ரப்பர் குழாய்) துணி சுற்றி மெதுவாக நெரித்துப் பாருங்கள். காற்று குளிர்ந்தால், ஹீட்டர் சூட்டைத் தடுக்கும் ஃப்ளாப் (சிறு கதவு) முழுதாக மூடவில்லை. கேபிளைச் சரிசெய்தாலே பெரும்பாலும் போதும்.