புதிய ஓஎஸ் ஏற்றுவதா, பழையதிலேயே இருப்பதா?

என் ஃபோனும் அண்ணனின் ஃபோனும் ஒரே மாடல். இரண்டும் ஆண்ட்ராய்டு 13 என்ற ஓஎஸ்ஸில், அதாவது ஃபோனை இயக்கும் அடிப்படை மென்பொருளில், நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தன. 14 வந்தபோது நான் சில வாரம் பொறுத்திருந்து ஏற்றிவிட்டேன். "ஓடுகிற ஃபோனை ஏன் நோண்டணும்?" என்று அண்ணன் 13-இலேயே இருந்துவிட்டார். இரண்டையும் அருகருகே பார்த்து வருவதால் இதை எழுதத் தோன்றியது. நான் ஏற்றச் சொல்லும் கட்சி. ஆனால் அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

தோற்றம், புதிய வால்பேப்பர், ஐகான் வடிவம் இதையெல்லாம் விட்டுவிடலாம். இவற்றுக்காக யாரும் ஓஎஸ் மாற்ற வேண்டியதில்லை, இவற்றுக்குப் பயந்து மாற்றாமல் இருக்கவும் வேண்டியதில்லை. பேட்டரி பற்றிய பயம் கொஞ்சம் வேறு. ஏற்றிய முதல் ஓரிரு நாள் ஃபோன் சூடாகும், சார்ஜ் வேகமாக இறங்கும். பின்னணியில் ஆப்களைப் புதிய ஓஎஸ்ஸுக்கு ஏற்றபடி தயார் செய்யும் வேலை நடக்கிறது என்பதே காரணம். என் ஃபோனில் அது தானாக அடங்கிவிட்டது. ஆனாலும் இந்தப் பயம் வெறும் கற்பனையில்லை. 2017 தொடக்கத்தில் வந்த, ஐபோனின் ஓஎஸ்ஸான ஐஓஎஸ்ஸின் 10.2.1 பதிப்பு, பேட்டரி தேய்ந்த ஐபோன்களின் வேகத்தைக் குறைத்தது. ஆப்பிள் அதை அந்த ஆண்டு டிசம்பரில்தான் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது.

பழைய ஆப்களை நம்பியிருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 6-க்கு முந்தைய காலத்துக்காக எழுதப்பட்டு, அப்படியே விடப்பட்ட ஆப்களைப் புதிதாக நிறுவ ஆண்ட்ராய்டு 14 விடாது. ஏற்கெனவே ஃபோனில் இருந்தால் தொடர்ந்து இருக்கும். ஐஓஎஸ் 11 இதைவிடக் கறாராக நடந்துகொண்டது. பழைய சிப்களுக்காக எழுதப்பட்ட 32 பிட் ஆப்கள் 2017-இல் அதோடு முடிந்தன.

அண்ணன் சொல்லும் காரணங்களில் கனமானது, ஏற்றிய பிறகு திரும்ப முடியாது என்பதுதான். அதை நான் முழுதாக ஏற்கிறேன். பாதுகாப்பு ஓட்டைகள் உள்ள பழைய பதிப்பை மறுபடி நுழைய விடக்கூடாது என்பதற்காகவே பல ஆண்ட்ராய்டு ஃபோன்களில் பின்வாங்கும் வழி அடைக்கப்பட்டிருக்கிறது. ஃபோன் தொடங்கும்போது ஓஎஸ்ஸை ஏற்றும் பூட்லோடரின் பூட்டைத் திறந்து முயன்றாலும் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். ஐபோனில் பழைய பதிப்பை நிறுவ அனுமதிக்கும் டிஜிட்டல் ஒப்பம் இடுவதை ஆப்பிள் சீக்கிரமே நிறுத்திவிடுகிறது; அப்புறம் அதை நிறுவ வழியில்லை. புதிய ஐஓஎஸ்ஸில் எடுத்த பேக்கப் பழையதில் ஏறவும் செய்யாது. ஒருவழிப் பாதை என்பதால்தான் முதல் நாளே ஏற்ற வேண்டாம், முதல் திருத்தம் வரட்டும், அதே மாடல் வைத்திருப்பவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்க்கலாம் என்கிறேன்.

ஆனாலும் ஏற்றும் பக்கம் நான் சாய்ந்ததற்குக் காரணம் ஒன்றே ஒன்று: செக்யூரிட்டி பேட்ச், அதாவது பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் திருத்தம். 14 வந்த பிறகு எங்கள் மாடலுக்கான பேட்ச்கள் எல்லாம் 14-க்கு மட்டுமே வந்தன. ஆண்ட்ராய்டு 13-க்கான திருத்தங்களை கூகுள் அப்போதும் கொடுத்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் ஒரே மாடலுக்கு இரண்டு பதிப்புகளைத் தனித்தனியாகச் சோதித்து அனுப்பும் வேலையை ஃபோன் தயாரிப்பவர்கள் பொதுவாக எடுத்துக்கொள்வதில்லை. என் ஃபோனில் பேட்ச் தேதி நகர்ந்துகொண்டே இருக்கிறது; அண்ணனின் ஃபோனில் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

அதனால் என்ன என்று கேட்கலாம். 2015-இல் ஆண்ட்ராய்டில் ஸ்டேஜ்ஃபிரைட் என்ற ஓட்டை வெளிவந்தது. தீங்கான வீடியோ ஒன்றை எம்எம்எஸ்ஸில் அனுப்பினாலே ஃபோனுக்குள் நுழைந்துவிடலாம், சில ஃபோன்களில் நாம் அதைத் திறக்கக்கூட வேண்டியதில்லை. அதன் பிறகுதான், அந்த ஆகஸ்டிலிருந்து, கூகுள் மாதாமாதம் பேட்ச் வெளியிடத் தொடங்கியது. இந்த ஏற்பாட்டில் பலர் யோசிக்காத ஒரு விஷயம் உண்டு. பேட்ச் வெளியாகும்போது எந்தப் பகுதியில் என்ன ஓட்டை அடைக்கப்பட்டது என்ற பட்டியல் எல்லோரும் படிக்கும்படி வெளியாகிறது. திருத்திய நிரலும் பொதுவெளிக்கு வருகிறது. பேட்ச் வாங்கிய ஃபோனுக்கு அது பழைய கதை. வாங்காத ஃபோனுக்கோ, எங்கே தட்டினால் திறக்கும் என்று ஊருக்கே சொன்ன மாதிரி. நேற்றுவரை யாருக்கும் தெரியாத ஓட்டையைவிட இன்று ஊரறிந்த ஓட்டைதான் ஆபத்து. வங்கி ஆப்பும் ஓடிபி வரும் எண்ணும் அதே ஃபோனில் இருக்கும்போது இது சின்ன விஷயமில்லை.

"எனக்கும்தான் அப்டேட் வருகிறதே" என்று அண்ணன் காட்டியது இன்னொரு தேதியை. செட்டிங்ஸில் இரண்டு தேதிகள் இருக்கும். ஒன்று செக்யூரிட்டி அப்டேட். மற்றது கூகுள் பிளே சிஸ்டம் அப்டேட். ஆண்ட்ராய்டு 10-இலிருந்து சில பகுதிகளை கூகுளே நேரடியாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு இது. இது நல்ல உதவிதான், குரோமும் பிளே ஸ்டோர் வழியே தனியாகப் புதுப்பித்துக்கொள்கிறது. பழைய பதிப்பில் இருப்பவர் முழுக்க நிராயுதபாணி இல்லை. ஆனால் கெர்னல் (ஓஎஸ்ஸின் மையப் பகுதி), மோடம் (நெட்வொர்க்கோடு பேசும் பகுதி), கிராஃபிக்ஸ் டிரைவர் (திரைக்குப் படம் தரும் சிப்பை இயக்கும் நிரல்) போன்றவை இந்த வழியில் வருவதில்லை. அவற்றுக்குத் தயாரிப்பாளரின் பேட்ச்தான் வேண்டும். ஆகவே பார்க்க வேண்டியது முதல் தேதி.

ஐபோனை நான் நீண்ட காலம் பயன்படுத்தியதில்லை, அதனால் அந்தப் பக்கம் அழுத்திச் சொல்ல மாட்டேன். ஐஓஎஸ் 15 வந்த 2021-இல், ஐஓஎஸ் 14-இலேயே இருந்துகொண்டு பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் வாங்கலாம் என்று ஆப்பிள் வழிவிட்டது. 2022 ஜனவரியில் அந்த வழி மூடியது. அது தற்காலிக ஏற்பாடுதான் என்றார்கள். அங்கேயும் தேர்வு கடைசியில் இதே இடத்துக்குத்தான் வந்து நிற்கிறது.

ராம் மிகக் குறைவாக உள்ள ஃபோனுக்கு என் வாதம் அப்படியே பொருந்தும் என்று சொல்லமாட்டேன். எங்கள் ஃபோன்களில் 6 ஜிபி இருக்கிறது, 14 வேகத்தைக் குறைக்கவில்லை. 3 ஜிபி உள்ள ஃபோனுக்கு அதன் கடைசிப் பெரிய அப்கிரேட் வந்திருக்கிறது, பழைய பதிப்புக்கும் தயாரிப்பாளர் இன்னும் பேட்ச் அனுப்புகிறார் என்றால், நான் ஏற்றமாட்டேன். அந்தத் தேதி நகர்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்ப்பேன். இரண்டு மூன்று மாதம் சேர்ந்தாற்போல் நின்றுவிட்டால், படங்களையும் சாட்களையும் வெளியே பேக்கப் எடுத்துவிட்டு, கொஞ்சம் மந்தமானாலும் பரவாயில்லை என்று ஏற்றிவிடுவேன்.