செனில் என்ற பெயரில் பின்னல் நூல்: ஃப்ளை கட்டுபவர்கள் பார்த்து வாங்குங்கள்

பென்சில்வேனியாவில் டிரவுட் மீன்பிடி சீசன் ஏப்ரல் முதல் சனிக்கிழமை திறக்கும். அதற்குள் பெட்டி நிறைய ஃப்ளை, அதாவது தூண்டில் முள்ளில் நூலும் இறகும் சுற்றிச் செய்யும் போலி இரை, கட்டி வைத்துவிடுவது என் வழக்கம். போன அக்டோபரில் ஆன்லைனில் ஒரு விற்பனையாளரிடம் செனில், அதாவது ஃப்ளையின் உடலுக்குச் சுற்றும் பிசிறு நூல், வாங்கினேன். 12 நிறம், 15 டாலர். ஊர்க் கடையில் இந்தக் காசுக்கு நூல் சுற்றிய அட்டை நாலைந்துதான் வரும். அந்தக் கணக்கில்தான் விழுந்தேன்.

பார்சலைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் டிராயரில் போட்டது என் தப்பு. பிப்ரவரியில் ஆலிவ் நிற அட்டையை எடுத்து வூலி பக்கர் என்ற ஃப்ளையைக் கட்ட உட்கார்ந்தேன். செனிலின் நுனியில் அரை சென்டிமீட்டர் பிசிறை நகத்தால் நீக்கி, உள்ளே இருக்கும் நூலை மட்டும் முள்ளோடு சேர்த்துக் கட்டுவோம் இல்லையா, அதைச் செய்தேன். கறிவேப்பிலை உருவுகிற மாதிரி இரண்டு அங்குலப் பிசிறு கையோடு வந்துவிட்டது. நல்ல செனிலில் குட்டைப் பிசிறுகளை நடு நூல்கள் இறுக்கி முறுக்கிப் பிடித்திருக்கும். இதில் முறுக்கு என்று ஒன்றே இல்லை.

சரி, எப்படியோ சுற்றிப் பார்ப்போம் என்றால் தடிமன் இடித்தது. அட்டையில் மீடியம் என்று போட்டிருந்தது. 8-ஆம் நம்பர் முள்ளில் நாலு சுற்றிலேயே உடல் புடைத்து, முள்ளின் கண் பக்கம் ஹேக்கிள் என்ற கோழி இறகைக் கட்டி முடிக்க இடமில்லை. செனில் என்றால் பிரெஞ்சு மொழியில் கம்பளிப்பூச்சி. அந்தப் பெயருக்கு மட்டும் குறை வைக்கவில்லை.

கட்டியதை வெந்நீர் டம்ளரில் போட்டேன். பத்து நிமிடத்தில் தண்ணீர் பச்சை, ஃப்ளை டீ நிறம். 1967-ல் ரஸ்ஸல் பிளெஸ்ஸிங் முதல் வூலி பக்கரைக் கட்டியது இதே மாநிலத்தில்தான், மனிதர் பார்த்திருந்தால் நொந்திருப்பார்.

சிவப்பு அட்டைதான் உச்சம். 'அல்ட்ரா செனில்' என்று ஒட்டியிருந்தார்கள். அசல் அல்ட்ரா செனிலில் சான் வான் வார்ம் என்ற புழு வடிவ ஃப்ளையைக் கட்டுபவர்களுக்குத் தெரியும், லைட்டரை லேசாகக் காட்டினால் முனை புழுவின் வால் மாதிரி கூம்பும். இது குத்துவிளக்குத் திரி போலப் பற்றி, சாம்பலாக உதிர்ந்தது. பருத்தி கலந்த பின்னல் நூலை வெட்டி அட்டையில் சுற்றியிருக்கிறார்கள் என்பது என் முடிவு.

விற்பனையாளருக்கு எழுதினேன். 30 நாள் தாண்டிவிட்டதாம், பணம் கிடையாதாம். அதோடு, இது கைவினைக்கும் பின்னலுக்கும் உள்ளது என்று பக்கத்தின் அடியில் போட்டிருக்கிறோமே என்று பதில் வேறு. போய்ப் பார்த்தேன். இருந்தது, எறும்பு எழுத்தில். தலைப்பில் மட்டும் ஃப்ளை கட்ட என்று கொட்டை எழுத்து.

நீங்கள் வாங்கினால் பார்சல் வந்த அன்றே ஒவ்வொரு அட்டையிலும் ஒரு துண்டு வெட்டி, நகத்தால் இழுத்துப் பாருங்கள். ஈரமாக்கி வெள்ளை டிஷ்யூவில் அழுத்துங்கள். அடர் சிவப்பையும் கறுப்பையும் விடவே விடாதீர்கள், சாயம் அதிகம் போவது அவற்றில்தான். அப்புறம், முள்ளில் சுற்றிய படம் ஒன்றுகூட இல்லாமல் வெறும் அட்டைப் படங்களாக இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

என்னிடம் விற்ற ஆள் இன்னும் விற்றுக்கொண்டுதான் இருக்கிறார். நேற்றுப் பார்த்தேன், தலைப்பில் 'பிரீமியம்' சேர்ந்திருக்கிறது. விலை 12 டாலர்.